சதம் எண்ணும் டீச்சர்: ஒரு வங்கிக் கணக்கோடு மூன்று வருடம்

கிண்ணியாவில் தையல் தொழில் தொடங்கப்போகும் தோழி ஒருத்தி போன கிழமை குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "நீ பாவிக்கிற வங்கி எப்படி? நானும் அதிலேயே கணக்குத் திறக்கட்டா?" 'நல்லம், திற' என்று பதில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன். நித்திரை வரவில்லை. ஏதோ பொய் சொன்ன மாதிரி இருந்தது. முழுப் பொய்யும் இல்லை, அதுதான் பிரச்சினை.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் பெட்ரோல் வரிசையில் ஊரே நின்றபோது வகுப்பு சூமுக்குப் போனது, கட்டணம் வங்கிக்குப் போனது. பெட்ரோல் வந்து பிள்ளைகளும் விறாந்தைக்குத் திரும்பினார்கள். காசு மட்டும் திரும்பவில்லை, வங்கியிலேயே தங்கிவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. காசு வரும் வேகத்தில் குறையே இல்லை. வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் செஃப்ட்ஸ் முறை 2015இலிருந்தே இருக்கிறது, லங்காபே நடத்துவது. ஞாயிறு, போயா, சித்திரை வருடப்பிறப்பு என்று பார்க்காமல் சில விநாடியில் கணக்கில் விழுகிறது. அனுப்புகிறவருக்குத்தான் சிறு கட்டணம், எனக்கு ஒரு சதமும் இல்லை. செயலி இதுவரை என்னை நடுவழியில் விட்டதில்லை. கிளையில் இருப்பவர்களும் மரியாதையானவர்கள்.

சரி. இனி வயிற்றெரிச்சல்.

என்னிடம் 63 பிள்ளைகள். எல்லோருக்கும் மாதம் 2,500 ரூபாய். முதலாம் திகதியிலிருந்து பத்தாம் திகதிக்குள் பெரும்பாலானவர்கள் போட்டுவிடுவார்கள். செயலியைத் திறந்தால் ஒரு திகதி, 'செஃப்ட்ஸ் வரவு' என்று இரண்டு சொல், யாருக்கும் புரியாத ஒரு நீண்ட இலக்கம், 2,500.00. அதற்குக் கீழே அதே இரண்டு சொல், 2,500.00. அதற்குக் கீழேயும் அதே. யாருடைய பிள்ளைக்கு, எந்த மாதத்துக்கு? ஒன்றும் இல்லை. அந்த நீண்ட இலக்கம் வங்கியில் முறைப்பாடு செய்யப் போனால் உதவும். எனக்கு முறைப்பாடு இல்லையே, பெயர்தான் வேண்டும்.

சில வரிகளில் பெயர் வரும். வந்தால் இன்னும் மோசம். எங்கள் ஆட்களின் பெயர் முறை வங்கிக்கு என்று அமைந்ததல்ல. பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பா. அப்பாவின் கணக்கில் முன்னால் நிற்பது தாத்தா. காசு போட்டது அம்மாவென்றால் அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, சிலருக்குக் கணவர். அதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு வரவைப் பார்த்து மூன்று தலைமுறை வம்சாவளி வரைந்தாலொழிய பிள்ளை அகப்படாது.

வங்கிக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்: "அனுப்புறவர் எழுதினாத்தானே வரும் மிஸ்." எழுதியிருக்கிறார், இதோ என்று ஒரு தகப்பன் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினேன். பிள்ளையின் பெயர், தரம், மாதம் எல்லாம் அழகாக இருந்தது. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது அவர்ட பக்கத்துக்கு எழுதினது மிஸ்." அப்போதுதான் விளங்கியது. அவர் பாவிக்கும் செயலியில் குறிப்பு எழுத இரண்டு பெட்டிகள். ஒன்று அனுப்புகிறவரின் சொந்தக் கணக்குக்கூற்றுக்கு, மற்றது பெறுகிறவருக்கு. முதலில் கண்ணில் படும் பெட்டியில் எழுதிவிட்டு, டீச்சருக்குச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் பெற்றோரில் பழியைப் போட்டுவிட்டுப் படுத்திருப்பேன். அன்றிரவே அக்காவையும் மச்சானையும் இருத்தி மூன்று கணக்குகளிலிருந்து நூறு நூறு ரூபாயாக எனக்கு அனுப்பச் சொன்னேன். பெறுகிறவருக்கான பெட்டியில், என் கண் முன்னால், ஒரே வசனம். என் வங்கியிலேயே இருக்கும் அக்காவின் கணக்கிலிருந்து முழு வசனமும் வந்தது. இரண்டாவது வங்கியிலிருந்து பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. மூன்றாவதிலிருந்து வெறும் பெயர். அக்காவுக்குச் சிரிப்பு. "முந்நூறு ரூபாய்க்கு நல்ல பரிசோதனை." ஆகவே குற்றம் ஒருவர் தலையில் மட்டும் இல்லை, வழியில் யாரோ ஒருவர் கையில் கழன்று விழுகிறது. என் வங்கியை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

லண்டனில் இருக்கும் தம்பியிடம் புலம்பினேன். அங்கே உடனடிப் பரிமாற்றத்தில் குறிப்புக்கு 18 எழுத்து இடமாம். அவன் கணக்குப் பார்க்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அதில்தான் பிள்ளைகளின் பெயர் வருகிறதாம். பதினெட்டே எழுத்து! நான் வசனம் கேட்கவில்லையே, ஒரு பெயர்தானே கேட்கிறேன்.

இதெல்லாம் கணக்குப்பிள்ளையின் கவலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், 2023 டிசம்பர் வரை. பதினோராம் தரத்தில் ஒரு பையன். அப்பா நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவர். மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன், அப்போது மூன்று மாதக் காசை ஒன்றாகப் போட்டுவிடுவார். மாரியில் கடல் கொந்தளித்தால் வருமானம் இல்லை, அந்த மாதங்களில் நான் கேட்பதே கிடையாது. அந்த டிசம்பரில் மட்டும், ஏதோ அவசரத்தில், வகுப்பு முடிந்து சைக்கிள் எடுக்கும்போது மெதுவாகக் கேட்டுவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை, மணிக்கட்டில் கட்டியிருந்த நூலைத் திருகிக்கொண்டு நின்றான். இரவு அம்மா அழைத்தார். "டீச்சர், பிள்ளைட காசு மூண்டாந் திகதியே போட்டாச்சே. வெள்ளவத்தையில இருக்கிற என்ட தங்கச்சிதான் போட்டவ." பார்த்தேன். மூன்றாம் திகதி, அதே இரண்டு சொல், 2,500.00. இருந்திருக்கிறது. ஒரு பெயர் வந்திருந்தால் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த வகுப்புக்கு அவன் வந்தான். பின்வரிசையில் இருந்தான்.

அந்தக் கோபத்தில்தான் சதம் யோசனை வந்தது. குறிப்பு தொலையலாம், பெயர் தொலையலாம், தொகை தொலையாது. தொலைந்தால் வங்கியே இருக்காது. ரூபாய்க்கு நூறு சதம். ஆகவே வகுப்புப் பதிவேட்டில் பிள்ளைக்கு இருக்கும் இலக்கத்தைச் சதமாக்கினேன். ஏழாம் இலக்கப் பிள்ளைக்கு 2,500.07. நாற்பதாம் பிள்ளைக்கு 2,500.40. சந்தையில் செத்துப்போன சதம் என் கணக்குப் புத்தகத்தில் உயிர்த்தெழுந்தது. முதல் மாதம் 63 வரவில் 48 வரவைக் கண்ணால் பார்த்த உடனே அடையாளம் கண்டேன். மூன்று வருடத்தில் இந்தக் கணக்கு தந்த ஒரே ஆனந்தம் அது, அதையும் வங்கி தரவில்லை.

ஊருக்குள் என்ன பேச்சு என்று கேளுங்கள். 'டீச்சர் இப்ப சதக் கணக்கும் பார்க்கிறா.' மீன் சந்தையில் என் காதிலேயே விழுந்தது. சிலர் கோபத்தில் 2,501 போட்டார்கள். ஒருவர் 2,507 போட்டார், ஏழு ரூபாய் இனாம்! கத்தாரில் இருக்கும் ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள் 17, 23. ஒன்றாகக் கூட்டி 5,000.40 அனுப்பினார். நாற்பதாம் பிள்ளைக்கு இரண்டு மாதக் கட்டணம் என்று எழுதிவைத்தேன். கணித டீச்சருக்கு இது அவமானம். கூட்டினாலும் மோதாத இலக்கங்கள் வேண்டுமென்றால் 1, 2, 4, 8 என்று போகவேண்டும், ஏழாவது பிள்ளைக்கே 64 வந்துவிடும், எட்டாவது பிள்ளை ரூபாயைத் தாண்டிவிடுவான். கடைசியில் சகோதரர்களுக்குத் தனித்தனியாக அனுப்பச் சொல்லிவிட்டேன். அனுப்பும் கட்டணம் அவர்களுக்கு இரட்டிப்பு, முணுமுணுப்பும் இரட்டிப்பு.

தோழிக்கு என்ன சொல்வது? அவளுக்கு ஒரு சட்டைக்கு ஒரு விலை, தொகையைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவாள். அவள் திறக்கலாம். எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கும் வகுப்பு, முன்பள்ளி, கோயில் சந்தா ஆட்கள் இந்தக் கணக்கின் பக்கமே போகாதீர்கள். மேலே அவ்வளவு புகழ்ந்தாயே என்றால், ஆமாம், புகழ்ந்தேன். நேற்றுக் கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். இன்று காலை பழைய கொப்பியைப் புரட்டினேன், இரண்டுதான்.

கொப்பியில் இருந்தது போன ஆகஸ்ட் மாதம். மூன்றாம் திகதி இரவு 11.42க்கு ஒரு வரவு, 2,500.00. சதம் இல்லை, பெயர் இல்லை. அந்த மாதம் ஐந்து பிள்ளைகளின் பெயருக்கு நேரே அடையாளம் போடாமல் இருந்தது. ஐந்தில் யாரோ ஒரு வீட்டில் கட்டியிருக்கிறார்கள். பெற்றோர் குழுவில் பொதுவாகக் கேட்டேன், பதில் இல்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க நா எழவில்லை. நூல் திருகிய அந்தக் கை கண்ணுக்குள் நின்றது. ஐந்து பேருக்கும் 'கட்டியாச்சு' என்று எழுதிவிட்டேன். காசு பெறுவதற்கு ஒரு சதமும் எடுக்காத கணக்கு என்று மேலே எழுதினேன் இல்லையா, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 10,000 ரூபாய் எடுத்தது.