முகத்தில் பிளேட் வைத்ததாக 2,85,000 ரூபாய் வாங்கினார்கள்: எச்சரிக்கைப் பதிவு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் தனியார் மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை, என் தம்பியின் முக அறுவை சிகிச்சைக்கு 2,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பில்லில் எழுதிய பிளேட்டுகளில் பாதியைக்கூட வைக்காமல் அனுப்பியிருக்கிறது. நேற்று வேறு இடத்தில் எடுத்த ஸ்கேனில்தான் இது தெரிந்தது.

விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்புறத்தில் பைக் மோதியதில், அவனுடைய மேல்தாடை மூக்கோடு சேர்ந்து பெயர்ந்திருந்தது. இதை லெ ஃபோர்ட் இரண்டாம் வகை முறிவு என்கிறார்கள். கூடவே இடது கன்ன எலும்பும் கண்குழியின் அடித்தளமும் உடைந்திருந்தன. வெளியூரிலிருந்து வந்து செல்லும் சர்ஜன் ஒருவர், கணினித் திரையில் அவனுடைய மண்டையோட்டை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி, எந்த இடத்தில் எந்த பிளேட் வரும் என்று பேனா முனையால் தொட்டுத் தொட்டு விளக்கினார். "அம்மா, பழைய முகத்தை அப்படியே கொடுத்துவிடுவேன்" என்று அவர் சொன்னபோது, அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அன்று மாலையே சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டினோம்.

கட்டைப் பிரித்த பிறகு, வாயை மூடினால் கடைவாய்ப் பற்கள் மட்டும் தொட்டன. முன்பற்களுக்கிடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. இட்லியைக்கூட நாக்கால் நசுக்கித்தான் விழுங்குகிறான். மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இடது கண் உள்ளே இறங்கியிருக்கிறது. கன்னம் மரத்துப்போனதற்கு நான் அவர்களைக் குறை சொல்லவில்லை; கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பு அடிபட்டபோதே நசுங்கியிருக்கக்கூடும். ஆனால் மற்றவற்றுக்கு?

முதலில் "வீக்கம் வடிந்தால் சரியாகும்" என்றார்கள். பிறகு "பல்லுக்கு கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதற்கும் தனிக் கட்டணமாம். அதன்பின் எப்போது அழைத்தாலும் "சார் தியேட்டரில் இருக்கிறார்" என்பதே பதில். கடைசியில் சர்ஜன் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

பில்லில் இருப்பது ஏழு டைட்டானியம் பிளேட்டுகளும் கண்குழிக்கு ஒரு வலைத்தகடும். புதிய ஸ்கேனில் தெரிவது மூன்று பிளேட்டுகள் மட்டுமே, அவையும் கன்னப் பக்கத்தில். கண்குழியில் எதுவுமே இல்லை. 2,85,000 ரூபாய்க்கு மூன்று பிளேட்! ஸ்கேனைப் பார்த்த அரசு மருத்துவமனை முகத்தாடை சர்ஜன் பொறுமையாக விளக்கினார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பழையபடி பொருந்துமாறு கம்பியால் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் எலும்பைப் பிளேட்டால் இறுக்க வேண்டுமாம். கடியைப் பார்க்காமல் இறுக்கினால், தவறான இடத்திலேயே எலும்பு கூடிவிடுமாம். இப்போது கூடிய எலும்பை மறுபடி வெட்டி நகர்த்த வேண்டும். கண் முழுமையாகப் பழைய நிலைக்கு வரும் என்று அவர் உறுதி தரவில்லை.

கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கியிருக்கிறேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மேலாளரோ "எம்.டி. வரட்டும்" என்கிறார். 2,85,000 ரூபாயை எண்ணி வாங்கும்போது எந்த எம்.டி.யும் வர வேண்டியிருக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத்தான் போகிறேன்.

விரிவாக எழுதும் மனநிலையில் இல்லை. இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்து என்றால், முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகத் தரும் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிளேட்டுகளோடு வரும் ஸ்டிக்கர்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்துப் படம் எடுங்கள். அறுவை முடிந்ததும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பிளேட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். பல் சரியாகக் கடிபடவில்லை என்று நோயாளி சொன்னால், வீக்கம் வடியட்டும் என்று காத்திருக்காமல், எலும்பு கூடுவதற்குள் அந்த வாரமே வேறொரு முகத்தாடை சர்ஜனிடம் காட்டுங்கள்.