தமிழ்99, தங்லிஷ், டைப்ரைட்டர்: எதில் அடிப்பது?

‘வணக்கம்’ என்று அடிக்க தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் 6 தட்டு. பழைய தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த டைப்ரைட்டர் முறையில் 7. ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும் அஞ்சல் முறையில் 8 தட்டு, அதில் ணகரத்துக்காக ஒரு ஷிப்ட் வேறு. ‘ஞாயிற்றுக்கிழமை’யை எடுத்துக்கொண்டால் தமிழ்99-க்கு 13, அஞ்சலுக்கு 17, கூடவே இரண்டு றகரங்களுக்கும் ஷிப்ட்.

இந்தக் கணக்கைக் காட்டி, தமிழ்99-தான் சிறந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் லேப்டாப்பில் தமிழ் போட்டுக்கொடுக்கப் போன பிறகுதான், தட்டுகளை எண்ணுவது மட்டும் போதாது என்று புரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் தங்லிஷ் வழி. பெரும்பாலானவர்கள் இருப்பது இங்கேதான். அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வந்து நிற்கும். புதிதாக எதையும் பழக வேண்டாம். ஆனால் இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன, அதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்று விதிப்படி நடப்பது. முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் அப்படிப்பட்டது. இந்தச் சாவியை அடித்தால் இந்த எழுத்து, எப்போதும் அதே எழுத்து. சிறிய எல் அடித்தால் ல, ஷிப்ட் பிடித்து அடித்தால் ள, இசட் அடித்தால் ழ. இன்னொன்று ஊகிப்பது. கூகுள் கீபோர்டில் தங்லிஷாக அடிக்கும்போது நடப்பது இது. நீங்கள் எப்படிக் கோணல்மாணலாக அடித்தாலும், இவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்று அது ஒரு சொல்லை எடுத்து வைக்கும். பல்லியும் பள்ளியும் ஆங்கில எழுத்தில் ஒன்றுதான். எது வேண்டும் என்பதை அது முடிவு செய்யும், அல்லது இரண்டையும் மேலே காட்டி உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

போனில் ஊகம் சுகம். கட்டை விரல் இரண்டை வைத்துக்கொண்டு ஷிப்ட் பிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? ‘சாப்டாச்சா’ என்று அனுப்புவதற்கு அது போதும். கணினியில் பத்தி பத்தியாக எழுதும்போதுதான் பிசகும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வட்டார வழக்கு என்று அகராதியில் இல்லாத எதை அடித்தாலும், அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிடும். நான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே முடியாது. நிரல் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: ஒரே உள்ளீட்டுக்கு நேற்று ஒரு விடை, இன்று ஒரு விடை தரும் எதையும் என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

தங்லிஷில் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. ஆறேழு வருடம் அப்படி அடித்த பிறகு, ஒரு நாள் பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தேன். ‘மனம்’, ‘மணம்’ இரண்டில் கல்யாணத்துக்கு எது என்று ஒரு நொடி நின்றேன். பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவன் நான். சொல்லை முதலில் ஆங்கில எழுத்தாக மாற்றி, பிறகு பெட்டியிலிருந்து சரியானதைப் பொறுக்கி, பொறுக்கி, எழுத்துக்கூட்டும் வேலையை மென்பொருளிடம் விட்டிருக்கிறேன். அஞ்சலில் இந்தச் சிக்கல் குறைவு, ஷிப்ட் போடுவதா வேண்டாமா என்று நாம்தான் முடிவெடுக்கிறோம். ஊகிக்கும் முறையில்தான் மூளைக்கு முழு விடுமுறை.

அந்தப் பேனா சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ்99 பழகினேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. அதே ஆண்டு தமிழக அரசு இதைத் தன் தரமாக அறிவித்தது. இதை வடிவமைத்தவர்கள் தமிழ் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உயிர் 12, மெய்க்கான சாவி 18, புள்ளி 1. மொத்தம் 31 சாவி. அடிப்படைத் தமிழுக்கு ஷிப்ட் தேவையே இல்லை, ஆய்தத்தையும் கிரந்த எழுத்துகளையும் தவிர. உயிரெல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ‘பாடு’ என்றால் வலது, இடது, வலது, இடது. அ, இ, உ, எ நான்கும் நடு வரிசையில். அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ, ஏ சரியாக அந்தந்தச் சாவிக்கு மேலே. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறர் எழுதிய நல்ல நிரலைப் படிக்கும்போது வருகிற சந்தோஷம்.

புள்ளி வைக்கும் விதம் இன்னும் அழகு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ‘பந்து’, ‘சங்கு’, ‘கம்பு’ எதற்கும் புள்ளிச் சாவியைத் தொட வேண்டியதில்லை. தட்டு குறைவதற்குக் காரணம் இதுதான்.

இதே வசதி முதல் வாரத்தில் காலை வாரும். ‘பப்பாளி’ என்று அடித்தால் ‘ப்பபாளி’ வந்து நிற்கும். முதல் பகரத்துக்குப் பின் அகரம் ஒன்று அடித்து, ‘இதற்குப் புள்ளி வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். ‘ததும்பு’வும் அப்படித்தான். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும். அந்த இரண்டு வாரம் மெயிலுக்குப் பதில் எழுதவே வெறுத்துப்போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். சாவிமேல் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்காதீர்கள். ஒட்டினால் குனிந்து பார்க்கும் பழக்கம் போகாது.

எனக்குக் கிடைத்த லாபம் வேகத்தைவிடப் பெரியது. ள வலது ஆள்காட்டி விரலுக்கு மேலே, ழ சுண்டு விரலுக்குக் கீழே, ல கீழ் வரிசையில். மூன்றும் மூன்று அசைவு. எந்த லகரம் என்ற குழப்பத்தை இப்போது விரல் தீர்த்துவைக்கிறது.

இடைஞ்சலும் உண்டு. தமிழ்99-ஐ அணைக்க மறந்துவிட்டு கட்டளைகளை அடிக்கும் டெர்மினலுக்குப் போனால் கட்டளைக்குப் பதில் கந்தர்வ பாஷை வரும். நிரல் எழுதப் பயன்படுத்தும் விம் எடிட்டரில் நகர்வதற்கான சாவிகள் எல்லாம் க, ப, ம, த ஆகிவிடும். கடவுச்சொல் மூன்று முறை தவறாகிக் கணக்கே பூட்டிக்கொண்டதும் ஒரு தடவை நடந்தது. இப்போது கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் சாவியாக வைத்திருக்கிறேன்; அதற்கு வேறு என்ன வேலை இருந்தது? போனில் தமிழ்99 எனக்குச் சரிப்படவில்லை. மேல் வரிசையில் 12 சாவி, ஒவ்வொன்றும் எள்ளளவு.

விண்டோஸில் தமிழைச் சேர்த்துவிட்டு, ‘என்ன அடித்தாலும் வேறு எழுத்து வருகிறதே’ என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஆண்டுகளாகத் தமிழ் என்ற பெயரில் அதில் முதலில் வந்து நின்றது இன்ஸ்கிரிப்ட். எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அமைப்பு என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. மற்ற மொழிகளின் வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் தமிழில் காலி மனையாகக் கிடக்கும். அதைப் பழகிய ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

சரி, அத்தைக்கு வருவோம். அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். நான் ஆர்வக்கோளாறில் தமிழ்99-ஐப் போட்டுக்கொடுத்து, “இதைப் பழகிப் பாருங்க அத்தை, தட்டு ரொம்பக் குறைவு” என்றேன். பத்து நிமிடம் பார்த்தார். “ஏன்டா, நாப்பது வருஷம் சைக்கிள் ஓட்டினவளைப் பெடலைக் கையால சுத்துன்னு சொல்றியே” என்றார். டைப்ரைட்டர் அமைப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் அந்த அறையில் மழை பெய்கிற சத்தம். என் தமிழ்99 வேகம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அந்த அமைப்பின் வேர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. 247 எழுத்தைக் கொஞ்சம் சாவிக்குள் அடக்க அவர் எழுத்துகளைத் துண்டுகளாக உடைத்தார். கொம்பு ஒரு சாவி, கால் ஒரு சாவி, புள்ளி ஒரு சாவி. கண் பார்க்கும் வரிசையில் கை அடிக்கும்: ‘கெ’ வேண்டுமானால் கொம்பு முதலில், ககரம் பிறகு. புள்ளிச் சாவியை அடித்தால் காகிதத்தைச் சுமக்கும் வண்டி நகராது. அதனால் புள்ளியை முதலில் வைத்துவிட்டு எழுத்தை அதன் கீழே அடிப்பார்கள். இரும்புப் பொறிக்கு இது அருமையான விடை. இதன் உறவினர்தான் இலங்கைத் தமிழர்களுக்குப் பழகிய பாமினி. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்குமே, அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், 1999-இல் தமிழ்99-ஐத் தரமாக அறிவித்த அதே அரசு, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சுத் தேர்வை டைப்ரைட்டரில்தான் நடத்தியது. டைப்பிஸ்ட் வேலைக்குப் போக நினைத்தவர் எதைப் பழகுவார்?

ஆகவே அத்தை ஜெயித்தார் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் அடித்துக் கொடுத்த கோயில் நோட்டீஸில் நான் ஒரு பெயரைத் தேடிப் பார்த்தேன். ‘கௌரி’ என்று தேடினால் கிடைக்கவில்லை. கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை.

டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனி உறுப்பு கிடையாது. கொம்பு, க, அப்புறம் ளகரம். காகிதத்தில் அது கௌ. காகிதத்துக்கு உருவம் போதும், எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடுக்குப் போதாது. ஔகாரக் குறிக்கு அங்கே தனி எண் உண்டு. அத்தை அடித்ததோ கெ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘ஒளவையார்’ என்று இணையம் முழுக்கக் கிடப்பதும் இந்த வழியில் வந்ததுதான். தமிழ்99-இல் இந்தப் பிழையைச் செய்வது கடினம், ஔவுக்கென்றே சாவி இருக்கிறது. தங்லிஷிலும் சரியாகவே விழும்.

இந்தச் சிக்கலின் தம்பி ஒருவனை நான் வேலையில் ஏற்கெனவே சந்தித்திருந்தேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஊர்ப் பட்டியலில் ‘கொல்லிமலை’ இரண்டு முறை இருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஒகரக் குறிக்கு யூனிகோடில் ஒற்றை எண்ணும் உண்டு, கொம்பு, கால் என்ற இரண்டு எண்களைச் சேர்த்தும் அதே உருவம் வரும். எந்த மென்பொருளில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மருந்து எளிது. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, சேமிக்கும் முன் ஒருமுறை சீராக்கிவிட்டால் முடிந்தது. ‘கெளரி’க்கு அந்த மருந்து வேலை செய்யாது. க-வுக்குக் கொம்பு போட்டு ள எழுதுவதும் சட்டப்படி சரியான தமிழ்தானே.

குரலைப் பற்றி இரண்டு வரி. 2017 முதல் கூகுள் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுகிறது. என் அம்மா அதைத்தான் பயன்படுத்துகிறார், பஸ்ஸில் இருக்கும்போது நானும். நிறுத்தக்குறியைப் பிறகு நாம்தான் தூவ வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் ரகசியம் இருக்காது.

இப்போது என்னிடம் கேட்டால்: கணினியில் தினமும் எழுதுகிறவர் தமிழ்99-க்கு இரண்டு வாரம் கொடுங்கள். வாரத்துக்கு நாலு வரி என்றால் அஞ்சல் போதும், ஊகிப்பதைக் கணினியில் தவிர்த்துவிடுங்கள். போனில் உங்கள் இஷ்டம். டைப்ரைட்டரைப் புதிதாகப் பழக வேண்டாம். ஏற்கெனவே கையில் இருந்தால் விடவும் வேண்டாம், ஔவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்காக நான் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கொம்புள்ள எழுத்தை அடுத்து ள வந்தால் இரண்டையும் சேர்த்து ஔகாரமாக்கிவிடும். மறுநாளே போன் வந்தது. “கௌரி சரியா வந்துட்டாடா. ஆனா வெள்ளிக்கிழமையைக் காணோம்.” போய்ப் பார்த்தால், வெள்ளியில் இருந்த ளகரத்தையும் சேர்த்து விழுங்கி, அதன் புள்ளியை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறது. வெளியூர், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாவற்றுக்கும் அதே கதி. ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். மௌனமும் பௌர்ணமியும் பிழைத்துக்கொண்டன, வெள்ளிக்கிழமையும் திரும்பி வந்தது. இப்போது மாட்டுவது ‘முகம் வெளறிப்போச்சு’ போன்ற ஒன்றிரண்டுதான். கோயில் நோட்டீஸில் யாருக்கும் முகம் வெளறுவதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.