‘எங்கள் தோட்டத்து விளைச்சல்’ பலகையை நம்பி ஆறு மாதம் ஏமாந்தேன்

விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தையில் வாரந்தோறும் காய் வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆறு மாதமாக ஒரே கடையில்தான் வாங்கினேன். மூங்கில் கூடைகள், தலைக்கு மேல் கையால் எழுதிய ‘எங்கள் தோட்டத்து விளைச்சல்’ பலகை. மற்ற கடைகளைவிட விலை கூடுதல். உழுதவர் கைக்கே பணம் போகிறது என்று மனமுவந்து கொடுத்தேன்.

போன மாதம் ஆப்பிளைக் கழுவும்போது விரலில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியது. அதில் நான்கு இலக்க எண். 1990லிருந்து பெரிய கடைகளில் பில் போடுவதற்காகப் பழங்களில் ஒட்டும் குறியீடு அது. மரத்திலிருந்து பறித்து நேராகச் சந்தைக்குக் கொண்டுவருபவருக்கு அது எதற்கு? பிறகுதான் உறைத்தது, அதே கூடை வரிசையில் வாழைப்பழமும் இருந்ததே! ஆப்பிளில் பெரும்பாலான ரகங்கள் காய்க்கக் குளிர்காலம் வேண்டும், வாழைக்கோ குளிர் ஆகாது. இரண்டும் எப்படி ஒரே தோட்டத்தில் விளையும்?

அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே போய் நின்றேன். வேனிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கின. மண்டிச் சரக்கு. பெட்டியைப் பிரித்து, பழத்தைத் துடைத்து, ஸ்டிக்கரை உரித்துக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தாங்க விக்கிறாங்க, வேணாம்னா விடுங்க” என்றார் கடைக்காரர். சந்தை நடத்துபவர்களிடம் சொன்னேன். இடத்துக்கு வாடகை வாங்குவதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள். இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது.

வாங்கி விற்பது குற்றமில்லை. பக்கத்துத் தோட்டத்துக் காய் என்று சொல்லி விற்கிற நேர்மையானவர்களும் உண்டு. வாங்கியதைத் தான் விளைவித்ததாகச் சொல்வதுதான் மோசடி.

அந்தக் கடைத் தக்காளியிலும் அடையாளம் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். வெளியே சிவப்பு, அறுத்தால் நடுவில் வெள்ளைத் தண்டு, வாசமே இல்லை. தொலைதூரம் போகிற தக்காளியைப் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைப்பது வழக்கம். குளிரூட்டிய கிடங்கில் 12 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் மிச்ச மணமும் போய்விடும்.

எதிரே ஒரு வயதான தம்பதி சாக்கை விரித்து விற்றார்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்த பழம், சிலவற்றில் காம்பைச் சுற்றி வெடிப்பு. அழுகல் சரக்கு என்று நினைத்து ஆறு மாதமும் தாண்டிப் போனேன். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று மழை கிடைத்தால் பழம் அப்படித்தான் வெடிக்கும். செடியிலேயே பழுத்தது அதுதான்.

வாங்குமுன் பேச்சுக் கொடுங்கள். எப்போது நட்டீர்கள், என்ன ரகம், இன்னும் எத்தனை பறிப்பு வரும் என்று கேளுங்கள். விளைவித்தவருக்கு இதற்கு யோசிக்கவே வேண்டாம். பருவம் முடிந்த பிறகும் எல்லாக் காயும் குவிந்திருக்கும் கடையில் கட்டாயம் கேளுங்கள். விளைவித்தவர் மட்டும்தான் விற்கலாம் என்ற விதி உங்கள் சந்தையில் உண்டா, தோட்டத்தை யாராவது நேரில் போய்ப் பார்க்கிறார்களா என்று நடத்துபவர்களிடமும் விசாரியுங்கள்.

இந்த வாரம் அந்தப் பாட்டியிடம் போனேன். “தக்காளி தீந்துடுச்சும்மா, அடுத்த பறிப்புக்குப் பத்து நாள் ஆகும்” என்றார். எதிர்க் கடையில் தக்காளி மலையாகக் குவிந்திருந்தது, அதே பலகைக்குக் கீழே.