கடல் பக்கமா, மலைப் பக்கமா? பினாங்கு - கோலாலம்பூர் விமானத்தில் எந்தச் சன்னல்?

சுங்கை பட்டாணியில் இருக்கும் எங்களுக்கு விமானம் என்றால் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையம்தான். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எந்தச் சன்னல் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். விமானம் தெற்கே போகிறது. அதனால் இடப்பக்கம் ஏ இருக்கையில் உட்கார்ந்தால் நிலமும் மலையும், வலப்பக்கம் எஃப் இருக்கையில் உட்கார்ந்தால் கடல்.

முதல் பத்து நிமிடம் எஃப்தான் ஜெயிக்கும். வடகிழக்கு நோக்கி ஏறும் விமானம் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து தெற்கே திரும்பும். அப்போது அந்தச் சன்னல் அப்படியே கடலைப் பார்த்துக் குனியும். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலங்கள் இரண்டு: 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் வந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். இரண்டாவது பாலம் எவ்வளவு அழகாக வளைந்து போகிறது என்பது காரில் போகிறவருக்குப் பிடிபடாது. அந்த நேரத்தில் ஏ-யில் இருப்பவருக்கு வானம் மட்டும்தான். அப்புறம் மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் கிளை கிளையாகப் பிரியும் ஆறுகள், பாங்கோர் தீவு. அதோடு சரி, மீதி வெறும் தண்ணீர்.

ஏ பக்கம் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் விடாது. போன பிப்ரவரியில் அம்மாவை அங்கே உட்கார வைத்தேன். தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். மேலிருந்து பார்த்தால் எண்ணெய் தரும் செம்பனை ஒவ்வொன்றும் ஒரு பச்சை நட்சத்திரம். சரிவுகளில் வெட்டிய படிகள் கைரேகை மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும், நடுவே செம்மண் ரோடு. அத்தனை பச்சைக்கு இடையில் துருநிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. அம்மா கண்ணாடியில் விரலை வைத்து, "அது பால்மரம்டா. இலை உதிர்ற மாசம்ல" என்றார். அந்த மாதங்களில் பால் குறையும், கூடவே சம்பளமும் குறையும். அந்தத் திட்டு பின்னால் போய் மறையும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

தைப்பிங் மழை ஊர், அங்குள்ள புக்கிட் லாருட் மலை பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். ஈப்போ பக்கம் வானம் தெளிந்திருந்தால் சுண்ணாம்புக் குன்றுகளின் வெள்ளை முகங்களும் பழைய ஈயக் குட்டைகளும் மின்னும், பின்னால் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாக நிற்கும்.

நேரமும் முக்கியம். காலை ஏழு மணி விமானத்தில் ஏ-க்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், அதற்கு எஃப் மேல். பிற்பகலில் மலைமேல் இடிமேகம் கட்டிவிடும். பத்து மணி வாக்கில் கிளம்பும் விமானத்தில் ஏ, இதுதான் என் தேர்வு. புகைமூட்டம் இருக்கும் நாளில் எந்தப் பக்கமும் தேறாது. அன்று இருக்கைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

எந்த வரிசை என்றால், இறக்கைக்கு நன்றாக முன்னால். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் விடும் சூட்டுக்காற்றில் காட்சி கலங்கித் தெரியும். போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் சன்னலே இருக்காது, வெறும் சுவர்தான். இருக்கை வரைபடத்தைப் பார்த்து எடுங்கள்.

கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்துக்குப் போகும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் கிடைத்தால் இன்னும் நல்லது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது, ஜெட்டைவிடத் தாழ்வாகவும் பறக்கும். எஞ்சினையும் சக்கரக் கூட்டையும் ஒட்டிய நடு வரிசைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ், மலை எஃப் பக்கம் வந்துவிடும். நான் அதை மறந்து அம்மாவுக்கு மறுபடியும் ஏ எடுத்துவிட்டேன். வழி முழுக்க அவர் அந்தப் பக்கச் சன்னலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.