பிளாகரா, வேர்ட்பிரஸா? சொந்த டொமைனோடு வலைப்பதிவு தொடங்குகிறவர்களுக்கு

மாடித்தோட்டம் பற்றி நான் எழுதும் வலைப்பதிவு கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இருக்கிறது. தையல் வகுப்பு நடத்தும் என் தோழியின் தளம், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அதன் பராமரிப்பும் என் தலையில்தான். இரண்டுக்கும் சொந்த டொமைன், அதாவது நாமே வாங்கிய இணைய முகவரி, உண்டு. ஆகவே ‘எது நல்லது?’ என்று யாராவது கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்து பேச எனக்கு வழியில்லை. இரண்டு வீட்டு ஒழுகலும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கேள்வி இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் டொமைன். எங்கே எழுதுவது என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முகவரியை மாற்றினால் போட்ட உழைப்பில் பாதி போய்விடும்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2012 தொடங்கிச் சில ஆண்டுகள், பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட்.காம் முகவரியில் உள்ள பதிவை இந்தியாவிலிருந்து திறந்தால் அது தானாகவே பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திரும்பிவிடும். நாமும் மேலே தெரிந்த அந்த முகவரியையே நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினோம், அடுத்தவர் பதிவுகளுக்கு இணைப்பாகக் கொடுத்தோம். 2020இல் அந்த .இன் பெயர் கூகுளின் கையை விட்டுப் போனது. எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை, இருந்தும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த இணைப்புகள் எங்கும் போய்ச் சேராமல் நின்றன. இரவல் முகவரி என்றால் இவ்வளவுதான்.

.காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும். விளம்பரத்தில் தெரிகிற முதல் ஆண்டு விலை வெறும் தூண்டில். புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்களும் இருக்கின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது எக்ஸ்-என் என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகிவிடும். அந்த ஆசையை நான் ஒத்திப்போட்டிருக்கிறேன்.

இனி பிளாகர். 1999இல் தொடங்கி 2003இல் கூகுளிடம் வந்த சேவை. இடம் இலவசம், தளத்துக்கும் வாசகருக்கும் நடுவே தகவலைக் காக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டு இலவசம், வாசகர் கூட்டம் திடீரென்று அலைமோதினாலும் படுக்காது. டொமைன் மட்டும்தான் செலவு. அதை இணைக்கும் வேலை அரை மணி நேரம்: டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் குறிப்புகள்) பக்கத்தைத் திறந்து, டபிள்யூடபிள்யூடபிள்யூ என்பதற்குக் கூகுள் சொல்லும் சி-நேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் குறிப்பு) ஒன்று, உரிமையைச் சரிபார்க்க இன்னொரு சி-நேம். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். டபிள்யூக்கள் இல்லாமல் வெறும் பெயரைத் தட்டுகிறவருக்கும் தளம் திறக்க வேண்டுமென்றால் நான்கு ஏ-பதிவுகளும் (பெயரைக் கணினியின் எண்ணுக்குக் காட்டும் குறிப்புகள்) வேண்டும்: 216.239.32.21, அப்புறம் மூன்றாம் எண் மட்டும் 34, 36, 38 என்று மாறும். பிறகு பிளாகர் அமைப்பில் திருப்பிவிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப்பின் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்கள் தானாகவே புதிய டொமைனுக்கு வந்துவிடுவார்கள்.

கூகுளுடைய வீடு என்பதால் கூகுள் தேடலில் முன்வரிசை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கிடைக்காது. அப்படிக் கிடைத்திருந்தால் என் கறிவேப்பிலைப் பதிவு இன்று எங்கேயோ இருந்திருக்கும்.

பிளாகர் நம்மைப் படுத்துவது முகவரியில்தான். பதிவின் முகவரியில் ஆண்டும் மாதமும் வந்தே தீரும், எடுக்க முடியாது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகருக்கு அதிலிருந்து முகவரி உருவாக்கத் தெரியாது. ‘வெண்டைச் செடியில் மாவுப்பூச்சி’ என்று நான் ஆசையாக வைத்த தலைப்பு, ‘பிளாக்-போஸ்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணுமாக வெளியே போனது. முதல் இரண்டு ஆண்டுப் பதிவுகள் எல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கின்றன: ரேஷன் கடை வரிசையில் டோக்கன் எண் வாங்கிக்கொண்டு நிற்பதுபோல. இப்போது வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கப் பட்டியில் நிரந்தர இணைப்பைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களை நானே தட்டிவிடுகிறேன். தேடல் விளக்கம் என்கிற அமைப்பையும் ஒருமுறை போய் இயக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதும் பெட்டி தெரியும்.

வேர்ட்பிரஸ் இந்த இடத்தில் கெட்டிக்காரன் என்று நினைப்பீர்கள். தமிழ்த் தலைப்பை அது முகவரியில் அப்படியே ஏற்கும், ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உயிர்மெய்க் குறிகளையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் வருகிற ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், முகவரிக்குள் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ஆக 22 குறியீட்டுக்கு மேல் இடமில்லை. தோழி ‘பிரின்சஸ் கட் பிளவுஸ் தைப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தாள். முகவரியில் நின்றது ‘பிரின்சஸ்-கட்-பிளவுஸ்-தை’. கேள்வி கட்டளையாகிவிட்டது! வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அந்தக் கட்டளையும் தெரியாது, நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள்தான். ஆகவே இங்கும் ஆங்கில எழுத்தில் சிறு முகவரியை நாமே கொடுப்பதுதான் நல்லது. பின்னால் மாற்றினாலும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸ் தானே திருப்பிவிடும் என்பது ஆறுதல்.

வேர்ட்பிரஸின் பலம் வேறு இடத்தில். 2003இல் வந்த திறமூல (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) மென்பொருள் அது. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகைக் கணினி) இடம் எடுத்து நாமே நிறுவிக்கொள்ளலாம். முகவரி அமைப்பு, பிரிவுகள், படிவம், வகுப்புக்குப் பணம் கட்டும் பக்கம் எல்லாம் நம் விருப்பம். தோழிக்கு மாணவிகள் பதிவுசெய்யும் படிவம் தேவைப்பட்டது. பிளாகரில் வெளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து ஒட்டத்தான் முடியும். வேர்ட்பிரஸில் ஒரு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) போதும்.

அந்த பிளக்இன்தான் வாசல், திருடனுக்கும் அதுதான். ஒருமுறை ஆறு மாதம் எதையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். என் சோம்பல்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. ஒரு நாள் கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால், தையல் தளத்தில் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஜப்பானிய எழுத்தில், கைப்பையும் கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்தன. தளத்தைத் திறந்து பார்த்தால் வழக்கம்போல் பிளவுஸ் படங்கள்தான். கூகுளின் கண்ணுக்கு மட்டும் வேறு கடை. சுத்தம்செய்ய மூன்று இரவுகள் ஆயின, கூகுள் அந்தப் பக்கங்களை மறக்க இன்னும் பல வாரங்கள். பிளாகரில் எனக்கு இப்படி ஓர் இரவும் போனதில்லை. வேர்ட்பிரஸ் வேண்டுமென்றால் வாரம் ஒரு மணி நேரம் புதுப்பிக்கவும் காப்புப்பிரதி எடுக்கவும் ஒதுக்கத்தான் வேண்டும். ஹோஸ்டிங் கட்டணத்தோடு இந்த மணி நேரத்தையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. அமைப்பில் ‘வாசித்தல்’ பகுதியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு சிறு கட்டம். தளம் தயாராகும்வரை அதை டிக் செய்து வைப்பார்கள், பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். ‘மூன்று மாதமாகக் கூகுளில் வரவே இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

தேடலுக்கான சில்லறை வேலைகளில் இரண்டும் ஏறத்தாழச் சமம். சைட்மேப் (தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கங்களின் பட்டியல்) இரண்டிலும் தானாகவே வருகிறது (வேர்ட்பிரஸில் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து). குறிச்சொற்களைப் பக்கத்தின் நிரலுக்குள் மெட்டா பட்டியலாக அடைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. தோழியின் தளத்தில் ஒரு பிளக்இன், தேடலுக்கு ஏற்றதா என்று ஒவ்வொரு பதிவுக்கும் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டும். அதற்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது: தேடல் சொல்லாக ‘பிளவுஸ்’ என்று கொடுத்தால் ‘பிளவுஸுக்கு’, ‘பிளவுஸின்’ எல்லாம் அதன் கணக்கில் வேறு சொற்கள். பச்சை விளக்குக்காக உருபே இல்லாமல் எழுதினால் கட்டுரை தந்தி வாசகம் மாதிரி ஆகிவிடும்.

பயன் தருவது சர்ச் கன்சோலில் வரும் தேடல் சொற்களின் பட்டியல். நான் ‘மாவுப்பூச்சி’ என்று ஒற்றெழுத்தோடு ஒரு சொல்லாக எழுதியிருந்தேன். வந்தவர்கள் தட்டியது ‘மாவு பூச்சி மருந்து’, ‘செடியில் வெள்ளை பூச்சி’. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். ஒற்றை விட்டு எழுத எனக்கு மனம் வராது, ஆனால் ‘வெள்ளைப் பூச்சி என்று பலர் சொல்வது இதைத்தான்’ என்று ஒரு வரி சேர்க்கத் தடை என்ன? சேர்த்தேன். அந்தப் பதிவுக்கு வரும் கூட்டம் கூடியது. இதற்குப் பிளாகரும் தேவையில்லை, வேர்ட்பிரஸும் தேவையில்லை. வாசகர் வாயில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

வேகத்தில் பிளாகர் முந்துகிறது, கண்டகண்ட இலவச டெம்ப்ளேட்டை மாட்டாதவரை. மலிவு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் தள்ளாடும். பக்கத்தின் நகலைத் தயாராக வைத்துத் தரும் கேஷ் பிளக்இன் போட்டுப் படங்களைச் சுருக்கினால் நிமிரும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அழகுக்காக மூன்று தமிழ் எழுத்துருக்களை ஏற்றினால் கைபேசியில் அதைத் தாண்டிவிடும். ஒன்று போதும்.

வேர்ட்பிரஸ்.காம் என்பது வேறு: அதே மென்பொருளை ஒரு நிறுவனம் நடத்தித் தரும் சேவை, வாடகை வீடு. இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் கிடையாது. ஹியூகோ, ஜெக்கில் போன்ற தளம் உருவாக்கும் மென்பொருள்களால் செய்த பக்கங்களைக் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஏற்றுவது மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அருமை, மற்றவர்களுக்குத் தலைவலி.

தனியாளாக வாரம் ஒன்றோ மாதம் இரண்டோ எழுதுகிறவர் என்றால் டொமைன் வாங்கிப் பிளாகரில் மாட்டிவிட்டு எழுத உட்காருங்கள். வகுப்பு, விற்பனை, நான்கைந்து பேர் சேர்ந்து எழுதுவது என்றால் வேர்ட்பிரஸ். பிளாகரில் தொடங்கிப் பிறகு மாற நேர்ந்தாலும் பயமில்லை: வேர்ட்பிரஸின் முகவரி அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவின் பெயர், கடைசியில் .எச்டிஎம்எல் என்று கொடுத்துப் பதிவுப் பெயர்களையும் பழையபடியே வைத்தால், பிளாகர் காலத்து முகவரிகள் அதே டொமைனில் அப்படியே திறக்கும். பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே எழுதி வந்தவருக்கு இந்த வசதி கிடையாது.

டொமைன் கணக்குக்கு எந்த மின்னஞ்சலைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். வேலை மாறியபின் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் எல்லாம் என்னால் திறக்க முடியாத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘உங்கள் தோட்டம் திறக்கவில்லையே’ என்று ஒரு வாசகி எழுதியபிறகுதான், பெயர் காலாவதியாகி ஒன்பது நாள் ஆகிவிட்டது எனக்குத் தெரிந்தது.