கடலை ஆயும் இயந்திரத்தின் கியர் பெட்டி: இரண்டு பருவம் ஓட்டிப் பார்த்தபின்

மானூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் உள்ள செவல் காடுகளில் கடலை ஆயும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறேன். டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து சுழற்சியை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்தில் வேலை செய்யும் வகை அது. பிடுங்கிய செடியை மேலே கொடுத்தால், முள் வைத்த உருளை காயை உதிர்த்துச் சல்லடைக்கு அனுப்பும். காற்றாடி இலையையும் சருகையும் ஊதித் தள்ளும். கொடி மறுபக்கம் வந்து விழும். இத்தனை வேலைக்கும் வேண்டிய சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிக் கொடுக்கும் கியர் பெட்டி, இயந்திரத்தின் மொத்த விலையில் சிறு பங்குதான். ஆனால் எனக்கு வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் அதிலிருந்தே வந்தன. இயந்திரத்தோடு வந்த பெட்டி இரண்டாம் பருவத்திலேயே கைவிட்டது. அதற்கு மாற்றாக வாங்கிய முதல் பெட்டி பொருந்தவில்லை. அதன்பின் வாங்கிய பெட்டியை இரண்டு பருவங்களில் ஏறத்தாழ 390 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. பெட்டியின் மேல் செய்தவர் பெயரோ எண்ணோ வார்க்கப்படவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் செய்தது என்று விற்றவர் சொன்னார், அவ்வளவுதான். ஆகவே பெயரைக் கொண்டு அல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொண்டுதான் இதைப் பற்றி எழுத முடியும்.

பழைய பெட்டி எப்படிப் போனது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியதில் எதைத் தேட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். கடலையைப் பிடுங்கிய ஈரத்தோடு ஆய்வதால், நீண்ட கொடிகள் சுழலும் தண்டு எங்கே கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும். பெட்டிக்கும், அதிலிருந்து வெளியே வரும் தண்டில் பெல்ட்டுக்காக மாட்டிய புல்லிக்கும் நடுவே மூன்று விரல் அளவு இடைவெளி இருந்தது. அதில் கொடி கயிறு போல முறுக்கேறி, எண்ணெய் கசியாமல் தண்டைக் கவ்வி நிற்கும் ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிட்டது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக வெளியேற, அந்த வழியே செம்மண் தூசி உள்ளே புகுந்தது. தூசி கலந்த எண்ணெய் பேரிங்கைத் தேய்த்தது. பேரிங் ஆடத் தொடங்கியதும் இரண்டு பல்சக்கரங்களும் பல்லின் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் உரசின. பங்குனி மாதத்தில் ஒரு பிற்பகல், களத்தில் பாதி அம்பாரம் மிச்சமிருக்கும்போது, அரிசிக் கல்லைக் கடித்தது போல ஒரு சத்தம் கேட்டு உருளை நின்றது. பெட்டியைத் திறந்த மெக்கானிக், "இதுல பல்லு எங்க இருக்கு அண்ணாச்சி, தூளுல்லா கெடக்கு" என்றார். உடைந்த பல்லின் பக்கத்தில் அரத்தை வைத்து இழுத்தபோது அரம் நன்றாகக் கடித்தது. மேற்பரப்பு கெட்டிப்படுத்தப்பட்ட பல்லாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். அதாவது சீல் போனது தொடக்கம் மட்டுமே. பல் முதலிலேயே மெத்தென்று இருந்திருக்கிறது.

அவசரத்தில் திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போய், பார்வைக்கு அதே அளவில் இருந்த ஒரு பெட்டியை வாங்கி வந்து மாட்டினோம். ஓட விட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே காற்றாடியின் இரைச்சல் வேறாக இருந்தது. பழைய பெட்டி 1:1 விகிதம். உள்ளே வரும் தண்டு ஒரு சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று. புதிதாக வந்ததோ 1:1.5. என் இயந்திரத்தில் பி.டி.ஓ. 540 சுற்றில் ஓடும்போது, பெட்டித் தண்டில் உள்ள 6.5 அங்குலப் புல்லி உருளையின் 10 அங்குலப் புல்லியை இழுத்து, உருளையை நிமிடத்துக்கு 350 சுற்று அளவில் ஓட்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையின் முள்முனை அப்போது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் செல்லும். 1:1.5 பெட்டியை மாட்டியதும் அது 16.5 மீட்டர் ஆகிவிட்டது. வேகம் ஒன்றரை மடங்கு என்றால் அடியின் விசை ஒன்றரை மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்வதால் அது இரண்டேகால் மடங்கு. காற்றாடிக்கோ இன்னும் மோசம்: அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், மூன்று மடங்குக்கு மேல் இழுத்து டிராக்டரைத் திணறடித்தது. சருகோடு சேர்ந்து நல்ல காயும் பறந்து கொடிக் குவியலில் போய் விழுந்தது. சல்லடைக்கு வந்த காயில் கணிசமானவை ஓடு கீறியும் நுனி விண்டும் இருந்தன.

ஓடு கீறிய காய் என்பது எடை குறையாத நட்டம், அதனால் முதலில் யாரும் கவனிப்பதில்லை. பச்சைக் காயில் ஈரம் நிறைய இருக்கும். காய்ந்து 8 முதல் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை கீறல் வழியே பூஞ்சணம் உள்ளே போக வாய்ப்புண்டு, பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இந்த வழியிலும் சேரும். விதைக்கு எடுத்து வைக்கிறவருக்குக் கீறிய காய் பயன்படாது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பருப்பு வாங்குகிறவர்களும் சொத்தையையும் முறிவையும் ஒதுக்கித்தான் விலை சொல்வார்கள். அந்த வயல்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையில் நாலு காயை எடுத்துக் காட்டிவிட்டு நின்றார். அன்றைய வாடகையில் பாதியை நானே குறைத்துக்கொண்டேன்.

கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சொன்னபோது, "பெட்டி எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, புல்லிய மாத்திக்கிடுங்க" என்றார். கணக்கு என்று பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் உருளைப் புல்லியை 15 அங்குலமாக்க என் இயந்திரத்தின் சட்டத்தில் இடமில்லை. பெட்டிப் புல்லியைச் சிறிதாக்கினால் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைந்து, ஈரக் கொடி வந்ததும் வழுக்கும். அதோடு அந்தப் பெட்டியின் மேல் விகிதம் எங்கும் குறிக்கப்படவில்லை என்பதே என் மனக்குறை. பெட்டியை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார், ஆனால் போக்குவரத்துச் செலவும் இரண்டு நாள் ஓட்டமும் என் கணக்கில் போயின. இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும்: கடையிலேயே இரு தண்டுகளிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, உள்ளே வரும் தண்டைக் கையால் பத்து முறை முழுதாகச் சுற்றி, மற்றது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிவிடலாம். அப்போதே சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. தண்டு கடிகார முள் போகும் திசையில் சுழலும். பெட்டிக்குள் வெளித்தண்டின் பல்சக்கரம் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, வெளித்தண்டின் திசை மாறும். அதைக் கவனிக்காமல் மாட்டினால் உருளை பின்னோக்கிச் சுற்றி, செடியை நம் முகத்தில் எறியும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை வாங்கும்போது இவ்வளவும் எண்ணிப் பார்த்துதான் வாங்கினேன். விகிதம் 1:1. மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னபோது கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை என்பதே அவருக்கு முதல் மதிப்பெண். பல்லில் அரம் வழுக்கியது. பழைய பெட்டியில் வெளித்தண்டின் இரு முனையிலும் 6208 எண் கொண்ட குண்டு பேரிங்குகள் இருந்தன. இதில் 30208 கூம்பு உருளைப் பேரிங்குகள். இரண்டுக்குமே உள்விட்டம் 40 மில்லிமீட்டர்தான், ஏனெனில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் வருவது அது. வெளிவிட்டமும் இரண்டுக்கும் 80தான். ஆனால் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பும் சாய்பற்சக்கரம் (பெவல் கியர்) ஓடும்போது தண்டைச் சுற்றுவதோடு நில்லாமல் நீளவாட்டில் தள்ளவும் செய்யும். அந்தத் தள்ளலைக் கூம்பு உருளைப் பேரிங் தாங்குகிற அளவுக்குக் குண்டு பேரிங் தாங்காது. பெட்டியின் விலையில் ஏற்பட்ட கூடுதலுக்கு, என் கணிப்பில், இந்த ஒரு மாற்றமே போதுமான காரணம். வெளித்தண்டில் உள்ள ஆயில் சீலுக்கு இரட்டை உதடு இருக்கிறது, வெளி உதடு தூசியைத் தடுப்பதற்கு. நான் கூடுதலாகச் செய்தது, சீலுக்கு வெளியே ஒரு தகட்டு வளையம் வைத்து, கொடி அந்த இடைவெளிக்குள் போகாதபடி மூடியதுதான். லேத் பட்டறையில் சில நூறு ரூபாயில் முடிந்த வேலை அது. பெட்டி செய்கிறவரே இதை வைத்துக் கொடுத்திருக்கலாம்.

மாட்டுவதற்கு முன், எங்கள் மெக்கானிக் குங்குமத்தைக் கிரீஸில் குழைத்து ஒரு சக்கரத்தின் பற்களில் பூசி, கையால் சுற்றி, மறு சக்கரத்தில் பதிந்த தடத்தைப் பார்த்தார். தடம் பல்லின் நடுவில், நீள்வட்டமாக விழுந்திருந்தது. ஓரத்தில் விழுந்திருந்தால் பேரிங்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டியிருந்திருக்கும். குங்குமம் பூசிய பெட்டி என்பதால் அவருடைய மகன் அதற்குச் சூடமும் காட்டிவிட்டான்.

"50 குதிரைத்திறன் தாங்கும்" என்று கடையில் சொல்வதை எந்தச் சுற்றில் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பல்லை முறிப்பது முறுக்கு விசைதான். 20 குதிரைத்திறனை 540 சுற்றில் கடத்தும்போது தண்டில் விழும் முறுக்கு ஏறத்தாழ 260 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 26 கிலோவைத் தொங்கவிட்டது போல. அதே வேலையை 400 சுற்றில் வாங்கினால் அது 350ஐத் தொடும், கம்பி முனையில் 36 கிலோ. டீசல் மிச்சம் என்று எஞ்சினைத் தாழ்த்தி வைத்துவிட்டு, செடியை மட்டும் பழையபடி அள்ளிக் கொடுக்கிற ஓட்டுநர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள், என்னிடமும் ஒருவர் இருந்தார். உருளைக்குப் பெல்ட் இருப்பதால் அடைப்பு ஏற்படும்போது அது வழுக்கிப் பல்லைக் காப்பாற்றும். ஆனால் பெல்ட் புதிதாகவும் இறுக்கமாகவும் இருக்கும் நாளில் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே பி.டி.ஓ. இணைப்பில், சுமை மிகுந்தால் அறுந்துபோகும் ஆணியைப் போட்டு வைத்திருக்கிறேன். அது அறுந்த இடத்தில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைச் செருகிவிட்டால் அடுத்து அறுவது பல்லாக இருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது மூச்சுத்துளை. பெட்டி சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற வேண்டும். அந்தத் துளை அடைபட்டால் அழுத்தம் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். இந்தப் பெட்டியில் துளை மேல்மூடியின் நடுவில், சருகும் மண்ணும் கொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. முதல் பருவத்தில் பத்து நாளுக்குள் அடைத்துக்கொண்டது. அதில் ஒரு முழ நீளச் சிறு குழாயைப் பொருத்தி, வளைத்து மேலே கொண்டுபோய்க் கட்டிய பிறகு தொல்லையில்லை. இரண்டாவது, எண்ணெய் வடிக்கும் திருகு சட்டத்தின் இரும்புக்கு மிக அருகில் வருவதால் சாவி முழுச் சுற்று சுற்றாது. கீழே மாட்டும் நான்கு துளைகளில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்ததைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது, அது சிறிய விஷயம். பெரிய குறை, உள்ளே வரும் தண்டுக்கு மேலுறை எதுவும் தரவில்லை என்பது. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் கையை நீட்டி நிறுத்த நேரம் இருக்காது. கடலை ஆயும் இடத்தில் செடி அள்ளிக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தகரத்தில் வளைத்து உறை செய்து போட்ட பிறகுதான் ஓட்டத் தொடங்கினேன். இதை விற்பவர் விலையில் சேர்த்துத் தந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

ஊற்றுவது இ.பி. 90 கியர் எண்ணெய். முதல் 50 மணி நேரத்தில் வடித்தபோது திருகின் காந்தத்தில் மாவு போன்ற கரும்பொடி மட்டும் ஒட்டியிருந்தது, புதுப் பல் பழகும்போது வருவது அது. இரண்டாம் பருவ முடிவில் வடித்ததில் செதில் எதுவும் இல்லை. நாள் முழுக்க ஓடிய பிறகும் பெட்டியின் மேல் உள்ளங்கையைச் சில நொடிகள் வைத்திருக்க முடிகிறது. பல் நேராக வெட்டிய சாய்பற்சக்கரம் என்பதால் ஒரு சன்னமான ஊளை எப்போதும் இருக்கும்; பல்லை வளைவாக வெட்டிய சுழல்பல் வகையில் அது குறையும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை என் இயந்திரத்துக்குத் தகாது.

மார்கழியில் போட்ட கிணற்றுப் பாசனக் கடலை வெயிலில் வருவதால் ஒரு நாள் இயந்திரம் நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆடியில் விதைத்த மானாவாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில்தான் கைக்கு வரும். நாங்கள் போடும், படராமல் கொத்தாக வளரும் நிலக்கடலை ரகங்களுக்கு விதை உறக்கம் மிகக் குறைவு என்பதால், மழையில் நனைந்தபடி கிடந்தால் செடியிலேயே முளைவிட்டுவிடும். கடந்த ஐப்பசியில் தொடர்ந்து பெய்த நான்கு நாட்களுக்கு நடுவே கிடைத்த ஒன்றரை நாள் இடைவெளியில், இரவு விளக்கு வைத்துப் பதினேழு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினோம். மண்ணோடும் நீரோடும் வந்த செடி அது. ஆணி இரண்டு முறை அறுந்தது, பெட்டி அசையவில்லை.

விலை, பழைய பெட்டியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எழுத்து மூலமான உத்தரவாதம் கிடையாது, பல்சக்கரத்தைத் தனியாகக் கேட்டாலும் இணையாகத்தான் தருவார்கள். இணையாக வாங்குவதுதான் சரி, ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்தது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். நான் இரண்டு சீல்களையும் ஒரு பேரிங் இணையையும் வாங்கி டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தேவர்குளத்தில் இதே இயந்திரம் வைத்திருக்கும் என் மைத்துனருக்கும் இதே பெட்டியைத்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய உருளைப் புல்லி 12 அங்குலம் என்பதால், அவருக்கு எந்த விகிதம் பொருந்தும் என்று அடுத்த வாரம் போய்க் கணக்குப் பார்க்க வேண்டும்.