அம்மாவின் முகமும் குரலும்: திருகோணமலையில் ஓர் ஒளிப்பட நிலையம்

திருகோணமலைக் கடைத்தெருவில் உள்ள இந்தச் சிறிய நிலையத்தில் கடவுச்சீட்டுப் படம் முதல் திருமண அல்பம் வரை எல்லாம் செய்கிறார்கள். பழைய படங்களையும் ஒலிநாடாக்களையும் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் சேவையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். என் அக்கா இளவயதில் காலமானபோது அவருடைய மகளுக்கு இரண்டு வயது. இப்போது 11 வயதாகும் அந்தப் பெறாமகள், அம்மாவின் குரல் எப்படி இருக்கும், அவருக்குக் கோபம் வருமா என்றெல்லாம் என்னிடம் கேட்கத் தொடங்கியதால், அலுமாரியில் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு இருவருமாகச் சென்றோம்.

படங்கள் பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிப் போயிருந்தன. உரிமையாளர் அவற்றைப் பிய்க்காமல், பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை இடையில் விட்டுப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வருடினார். அவற்றுள் ஒன்று கன்னியாவில் எடுத்தது. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடமென்று ஐதீகம் கூறும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாய்க்குத் திவசம் கொடுக்கும் இடமாகவே அறிந்திருந்த சிறுமி, அதே கிணற்றடியில் அம்மா வாளியோடு நின்று சிரிப்பதை முதன்முதலாகக் கண்டாள்.

என் முதன்மையான குறையும் இந்தப் படத்தைப் பற்றியதே. முகம் மங்கியிருந்ததால், எங்களிடம் கேளாமலே, செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் அதைத் தெளிவாக்கியிருந்தார்கள். நாடியில் இருந்த தழும்பு மறைந்து, புருவம் நேராகி, யாரோ ஒரு நடிகையின் முகம் வந்திருந்தது. "அம்மா நல்ல வடிவு, சின்னம்மா" என்று பிள்ளை மகிழ்ந்ததுதான் என்னை அச்சுறுத்தியது; எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க நினைவு இருக்கிறது, அவளுக்கோ அந்தத் தாள்தான் நினைவு. மறுப்புச் சொல்லாமல், மேலதிகக் கட்டணமும் வாங்காமல், தூசியையும் கீறலையும் மட்டும் நீக்கி மீண்டும் அச்சிட்டுத் தந்தார்கள். ஆயினும் முகத்தில் கைவைக்குமுன் கேட்பதை அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒலிநாடா வேலைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத்துண்டு கழன்றிருந்ததால், நாடாச் சுருளை வேறொரு கூட்டுக்கு மாற்றிய பின்பே ஓடவிட்டார்கள். இரைச்சலை முற்றாக அகற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும் என்று விளக்கி, அளவாகவே குறைத்தார்கள். பாடசாலை விழாவுக்காகச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை ஒத்திகை பார்க்கும் அக்கா, நடுவில் ஒரு வரியை மறந்து, அருகில் சிரித்த தோழியைப் பேசுகிறார். தேவாரத்தை விட அந்த ஏச்சையே பெறாமகள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. திவசம், ஆண்டுவிழா போன்றவற்றுக்குத் தேவையென்றால் முன்கூட்டியே கொடுங்கள். அங்கே விற்கும் சட்டகங்கள் தரமற்றவை. திருத்திய படத்தோடு, கைபடாத மூலக் கோப்பையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.